ஏணிக்காரரின் நெஞ்சுப் படம்

பெரியக்காவுக்குத் தூசியைக் கண்டால் ஆகாது. சிலருக்குக் கரப்பானைக் கண்டால் எப்படி ஆகாதோ, அப்படி ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் ஜன்னல் கட்டையில் ஒரு விரலை ஓட்டிப் பார்த்துவிடுவாள். பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தோளில் பஞ்சு ஒட்டியிருந்தால், முன்பின் தெரியாதவர் ஆயிற்றே என்றெல்லாம் யோசிக்க மாட்டாள், தட்டிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற வேலை கிடைத்தால் கேட்க வேண்டுமா? தலைமையாசிரியையும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார், ஒன்றாம் வகுப்பு வாண்டும் பெரியக்கா என்றுதான் கூப்பிடும். அவள் சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம்.

அவள் வீட்டுக்காரருக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் வேலை. மின்விசிறி, குழாய், கதவுத் தாழ்ப்பாள், ஒழுகுகிற கூரை, எது கெட்டாலும் அவர்தான். எந்நேரமும் தோளில் ஏணியோடு திரிவதால் ஏணிக்காரர் என்று பேர் விழுந்துவிட்டது. நல்ல மனிதர். ஆனால் கை சும்மா இருக்காது. யார் வீட்டு நாற்காலியாவது ஆடினால், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர்களிடம் முதலில் சுத்தியல் இருக்கிறதா என்று கேட்பார்.

பள்ளிக்கூடத்தில் பழைய கட்டடம் ஒன்று உண்டு. அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அலை அலையாக, சாம்பல் நிறத்தில் இருக்குமே, அந்த ஷீட்தான். காற்றடித்து ஷீட் தளர்ந்தால் ஏணிக்காரர் துளை போட்டுக் கொக்கி மாட்டுவார். புது விளக்கு வந்தால் துளை, ஒயர் ஓட்ட வேண்டுமென்றால் துளை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு மிஷினைப் பிடித்தால் வெள்ளைப் பொடி தலையிலும் மீசையிலும் கொட்டும். கல்யாணமான புதிதில் தொடங்கிப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவர் சாயங்காலம் மாவு மில்லிலிருந்து வருகிறவர் போலத்தான் வீட்டுக்கு வந்தார். பெரியக்கா வாசலிலேயே நிறுத்தி, சட்டையைக் கழற்றி வாங்கி, கல்லில் அடித்து உதறி, திட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். திட்டு தூசிக்காக. அந்தத் தூசி ஆளையே தின்னக்கூடியது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தெரிந்தது, வட்டாரக் கல்வி ஆபீசிலிருந்து ஒரு பொறியாளர் பெண் வந்த அன்றைக்கு. சின்னப் பெண், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. தீப்பிடித்தால், புயல் வந்தால், நிலம் ஆடினால் பள்ளிக்கூடத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று எல்லா ஊழியர்களையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். விடாமல் மணி அடித்தால் எல்லோரும் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். போட்டது போட்டபடி என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

ஒத்திகை நடந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்குப் போய்விட்டார்கள். தலைமையாசிரியை எண்ணிப் பார்த்தால் பிள்ளைகள் சரி, ஆசிரியர்கள் சரி, இரண்டு பேரைக் காணோம். தேடிப் போனால் பெரியக்கா நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். இத்தனை பேர் ஓடினதில் மண் சேர்ந்துவிட்டதாம். ஏணிக்காரர் மணிக்கூண்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். மணியின் நாக்கு சரியாக ஆடாமல் இழுத்துக்கொண்டிருந்ததாம், அப்போதுதான் கவனித்தாராம்.

“நிஜமா தீப்பிடிச்சிருந்தா நீங்க ரெண்டு பேரும்தான் உள்ள மிச்சம்” என்றாள் பொறியாளர் பெண். மைதானமே சிரித்தது. பெரியக்காவுக்கு வெட்கமாகிவிட்டது, துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு கூரை விஷயத்துக்கு வந்தாள் அந்தப் பெண். இந்த ஷீட் தன் பாட்டுக்குக் கிடந்தால் பயமில்லை. உடைத்தாலும் துளை போட்டாலும் சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், மூச்சோடு போய் நெஞ்சில் தங்கிவிடும், வருஷக்கணக்காகச் சத்தமே போடாமல் இருந்துவிட்டுப் பிறகு காட்டும். இனிமேல் அதில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. எங்காவது உடைந்து விழுந்தால் உள்ளே போகக் கூடாது, தொடக் கூடாது, முக்கியமாகப் பெருக்கவே கூடாது. விசிறியை நிறுத்து, கதவைச் சாத்து, கதவடியில் ஈரச்சாக்குப் போடு, ஆபீசுக்குச் சொல்லு. அதற்கென்று உடையும் கருவியும் வைத்திருக்கிற ஆட்கள் வந்து எடுப்பார்கள்.

“இத்தனை நாள் துளை போட்டவங்க இருந்தா ஒருதடவை நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்துடுங்க” என்று கடைசியில் சொன்னாள்.

பெரியக்கா ஏணிக்காரரைப் பார்த்தாள். ஏணிக்காரர் கூரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருமினார். அந்த இருமல் கொஞ்ச காலமாக இருந்தது. படுத்தால் வரும், எழுந்தாலும் வரும். அதுவரை வெறும் இருமலாக இருந்தது, அந்த நிமிஷத்திலிருந்து பெரியக்கா ஒவ்வொன்றாக எண்ணுகிற இருமலாக மாறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வர மாட்டேன் என்றார். எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றார். சமாதானமாகச் சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்தது அவருக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. உண்மையில் அந்த மனிதருக்குப் பயம். ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? தெரியாமல் இருக்கிறவரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் இல்லையா? பெரியக்காவுக்கும் அது புரியாமல் இல்லை. புரிந்தாலும் விட முடியுமா?

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு காற்று சுழற்றியடித்தது. பழைய கட்டடத்தை ஒட்டி நின்ற மரத்தில் ஒரு பெரிய கிளை முறுக்கிக்கொண்டு ஆடுவதைத் தலைமையாசிரியை பார்த்துவிட்டார். பார்த்ததும் மணி. விடாமல் அடித்தது. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளை இந்தத் தடவை மைதானத்துக்கு விடாமல், காற்றுக்குப் பயந்து, புதுக் கட்டடத்துக் கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஒத்திகை பார்த்த கால்கள் ஆயிற்றே, ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் வந்து சேர்ந்தன. கடைசிப் பிள்ளை கூடத்துப் படியில் கால் வைத்திருக்கும், படாரென்று கிளை ஐந்தாம் வகுப்புக் கூரைமேல் விழுந்தது. ஷீட் நொறுங்கி பெஞ்சுகள்மேல் கொட்டியது.

தலைமையாசிரியை எண்ணினார். ஒரு பிள்ளை குறையவில்லை. மறுபடி எண்ணினார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எண்ணிக்கையில் இந்தத் தடவை பெரியக்காவும் இருந்தாள், ஏணிக்காரரும் இருந்தார். அது ஒரு பெருமைதான்.

பெருமையெல்லாம் காற்று ஓய்கிறவரைதான். காற்று நின்றதும் பெரியக்காவின் கால் தானாகப் பழைய கட்டடத்தின் பக்கம் நடந்தது. வெளிச்சுவர் சுவிட்சில் விசிறியை நிறுத்தினாள், கதவைச் சாத்தினாள், பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், ஈரச்சாக்கை மிதித்து மிதித்துக் கதவடியில் திணித்தாள். சொல்லிக்கொடுத்தது ஒன்று விடாமல் செய்துவிட்டாள். செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? போக முடியவில்லை. உள்ளே பெஞ்சு பெஞ்சாகத் தூசி கிடக்கிறது என்ற நினைப்பிலேயே அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. மூலையில் துடைப்பம் வேறு சாய்ந்து நின்றது.

அந்தப் பக்கம் பார்த்தால் சுவரில் ஏணி. ஏணிமேல் ஏணிக்காரர், தோளில் தார்ப்பாய். மேல்படியில் ஒரு கால் வைத்தாகிவிட்டது.

என்ன இது என்று கேட்டாள். மழை வரப்போகிறது, பிள்ளைகளின் புத்தகமெல்லாம் அலமாரியில் இருக்கிறது, ஓட்டைமேல் பாயைப் போட்டு நாலு கல் வைத்துவிட்டு ஒரு நொடியில் இறங்கிவிடுவேன் என்றார். உடைந்த ஷீட்மேல் கால் வைத்தால் மிச்சமும் நொறுங்கும், அந்தப் பொடியெல்லாம் முகத்தில்தான் வரும் என்றாள். மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். கெஞ்சினாள், இறங்கவில்லை. ஏணியை ஆட்டினாள், அப்போதும் இறங்கவில்லை.

பெரியக்கா போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் வைத்தாள்.

“ஏய், என்ன பண்ற?”

“நீங்க மேல ஏறுங்க. நான் உள்ள பெருக்குறேன். ஆளுக்கொரு வேலை.”

“பைத்தியமா உனக்கு? அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா என்னாகும் தெரியும்ல?”

“ஏன், மூச்சைப் பிடிச்சுக்குவேன்.”

ஏணிக்காரர் ஒரு படி இறங்கினார். அவள் சாவியைத் திருப்பினாள். பூட்டு டக்கென்றது. அவர் மளமளவென்று இறங்கித் தார்ப்பாயைக் கீழே எறிந்துவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.  

“என் நெஞ்சுக்கு இந்தப் பயம் பயப்படுறீங்களே” என்றாள் பெரியக்கா. “உங்க நெஞ்சு யாருதுன்னு நெனச்சீங்க?”

அவர் பூட்டை மறுபடி பூட்டினார். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவாக இருக்கும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அது போதும்.

மழை பெய்தது, புத்தகங்கள் நனைந்தன. நனைந்தால் நனையட்டும், புத்தகத்துக்கு நுரையீரலா இருக்கிறது?

புதன்கிழமை போனார்கள். படம் எடுத்தார்கள். ஒரு குழாயைக் கொடுத்து இழுத்து ஊதச் சொன்னார்கள். இன்னும் ஊது, இன்னும் ஊது என்று அங்கிருந்த நர்ஸ் கத்தக் கத்த ஏணிக்காரர் கண் பிதுங்க ஊதினார். பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கிற நேரம் இருக்கிறதே, அது யாருக்கும் வரக்கூடாது. பெரியக்கா பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்தாள். பக்கத்துப் பெஞ்சைத் துடைத்தாள். அதில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டுத் துடைத்தாள். ஏணிக்காரர், ஆடிக்கொண்டிருந்த மருந்துச் சீட்டு ஜன்னலின் கொக்கியை விரலால் திருகிக்கொண்டிருந்தார். 

கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதினதன் அளவு எழுதின தாளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பெரியக்கா டாக்டரின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்லை. சுத்தமா இருக்கு” என்றார் டாக்டர்.

பெரியக்காவின் காதில் விழுந்தது சுத்தம் என்ற வார்த்தைதான். வாழ்நாளெல்லாம் அவள் சொல்லிவந்த வார்த்தை, வேறொருவர் வாயிலிருந்து வந்து வயிற்றில் பால் வார்த்தது. ஆனால் இந்தச் சீக்கு தாமதமாக வருகிற சீக்கு, அதனால் வருஷம் ஒருதடவை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், இனிமேல் அந்த ஷீட் பக்கம் மிஷினோடு போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு பேரும் பள்ளிப்பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள்.

“அப்ப இந்த இருமல்?” என்று கேட்டாள் பெரியக்கா.

பீடி, சிகரெட் உண்டா என்றார் டாக்டர். கிடையாது. வீட்டில் விறகடுப்பா? கிடையாது. வேறு ஏதாவது புகை? ஏணிக்காரர் யோசித்தார். பிறகு தயங்கித் தயங்கி, தினமும் கொசுவத்தி கொளுத்துவோம், தலைமாட்டில் வைப்போம், கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிடுவோம் என்றார்.

“ஜன்னல் ஏன் சாத்தணும்?”

“தூசி வரும்னு இவ சாத்திடுவா.”

டாக்டர் பெரியக்காவைப் பார்த்தார். பெரியக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். கொசுவத்தி கொளுத்துவது யார், தலைமாட்டில் வைப்பது யார் என்று டாக்டர் கேட்கவில்லை, நல்ல மனிதர். முதலில் அந்தப் புகையை நிறுத்திப் பார்ப்போம், இருமல் நிற்காவிட்டால் திரும்ப வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வெளியே வந்ததும் ஏணிக்காரருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கூரை கொல்லும் கூரை கொல்லும் என்று என்னை மிரட்டினாயே, கடைசியில் கொளுத்தினது நீதானா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெரியக்கா கேட்டுக்கொண்டே நடந்தாள். அவர் சிரித்துக்கொண்டு நடக்கிறார், அதைவிட வேறென்ன வேண்டும்? பழக்கடை ஓரம் வந்தபோது மட்டும் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகத்தில் மூடி. தண்ணீர் தெளித்துத் தெளித்து, நொறுங்கினதை எல்லாம் கெட்டிப் பைகளில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அறைக் காற்றையும் சோதித்துச் சரி என்றார்கள். அந்தக் கட்டடத்தின் மற்ற ஷீட்டுகளையும் விடுமுறையில் கழற்றப்போகிறார்களாம். அதுவரை மாதத்துக்கு ஒருதடவை வந்து பார்ப்பார்களாம். ஏணிக்காரர் தூரத்தில் நின்றபடியே அவர்கள் ஏணியைப் பிடிக்கிற விதம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். தூரத்தில் நின்றார், அதுவே பெரிது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொசுவலை வந்தது. கட்ட வேண்டுமே. வீட்டுச் சுவர் செங்கல் சுவர், அதில் ஒரு தடையும் இல்லை. ஏணிக்காரர் ஏணியைச் சாத்தி, நாலு மூலையிலும் கொக்கி அடித்தார். எத்தனை நாள் அடக்கிவைத்த கை! ஒரு கொக்கிக்கு ஒரு அடி போதும் என்ற இடத்தில் பத்து அடி அடித்தார். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கட்டில்மேலும் தரையிலும் கொட்டின.

அவர் வலையையும் மாட்டிவிட்டு இறங்கித் தலையைத் தட்டிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தார். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பெரியக்கா ஜன்னலைத் திறந்துவிட்டு, வலைக்குள்ளே உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“பெருக்கலையா?” என்றார்.

“இருக்கட்டும்” என்றாள் பெரியக்கா. “அது எங்க ஓடிடப் போகுது? நீங்க வந்து உக்காருங்க.”