பிள்ளைக்கு என்ன குடுக்கிறனீங்கள்?

எங்கள் ஒழுங்கைக்குக் காலைச் சாப்பாடு பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு சின்ன ஒழுங்கையில், அதாவது சந்தில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். விடிந்த கொஞ்ச நேரத்தில், பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி பொருத்திய ஓட்டோ ஒன்று இசையை அலறவிட்டபடி வந்து நிற்கும். வந்த முதல் வாரம் அதை ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து, மகளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். சுற்றிலும் சாரம் கட்டிய ஆண்களும் நைட்டி போட்ட பெண்களும் பாண் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாண் என்றால் இங்கே ரொட்டி, நம்மூர் பிரெட். ஓட்டோக்காரர் என் கையில் ஒரு பாணைத் திணித்து, "உணு, உணு" என்றார். அடடா, சிங்களவர் ஒருவர் இவ்வளவு நல்ல தமிழில் 'உண்ணு' என்று உபசரிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், "உண்கிறேன், உண்கிறேன்" என்று தலையாட்டினேன். சிங்களத்தில் 'உணு' என்றால் சூடு என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

என் மனைவி சுமதிக்குக் கொழும்பில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. திருநெல்வேலியிலிருந்து நானும் நான்கு வயது மகள் கயலும் அவள் பின்னால் வந்தோம். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்பதால் கயலுக்குச் சாப்பாடு கொடுத்து, டப்பா கட்டி, நேர்சரியில் விடுவது என் பொறுப்பு. சுமதி அதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். மாவு அரைக்க கிரைண்டர் இல்லை, காய் நறுக்க நேரமில்லை. காலி வீதி சூப்பர் மார்க்கெட்டில் எல்லாமே தயாராக இருந்தன. கொதிநீரில் போட்டால் வெந்துவிடும் நூடுல்ஸ், எண்ணெயில் புரட்டினால் போதும் என்கிற சொசேஜ், குழல் குத்திய சாக்லேட் பால். கயல் ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஊரில் ஓர் இட்லிக்கு மூன்று சுற்று வீட்டைச் சுற்றவைத்தவள் அவள். பிள்ளை வளர்ப்பதைப் போய் எல்லோரும் பெரிய பாடாகச் சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டில் வாசுகி இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை. கணவருக்கு வவுனியாவில் பணி என்பதால் அவர் வார இறுதியில்தான் வருவார். அவர்கள் மகன் ஆரனும் கயலும் ஒரே நேர்சரி. ஒரு நாள் மதியம், வங்கிக்கு லீவு போட்டிருந்த வாசுகி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்து, வாசலில் தயங்கி நின்றார்.

"அண்ணா, இண்டைக்குக் கயலுக்கு டீச்சர் நல்லாப் பேசிப்போட்டா."

எனக்கு ஒரே மகிழ்ச்சி. புது நாடு, புது இடம், பிள்ளை ஒட்டுவாளோ மாட்டாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். "ரொம்ப சந்தோஷங்க! தினமும் இப்படிப் பேசினா நல்லாருக்கும்" என்றேன்.

வாசுகி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தினமும் பேசோணுமோ?"

"ஆமாங்க. நான் வேணும்னா டீச்சர்கிட்ட வந்து சொல்றேன்."

"ஐயோ அண்ணா, பேசினவ எண்டா ஏசினவ! பிள்ளை அழுதவள்."

இங்கே 'கதைப்பது'தான் பேசுவது, 'பேசுவது' திட்டுவது. அன்று வகுப்பில் நடந்தது இதுதான்: கயல் தன் டப்பாவிலிருந்த சொசேஜை எல்லாருக்கும் பங்கு வைத்திருக்கிறாள். அதைத் தின்ற பிள்ளைகள் ஒருவரும் தங்கள் வீட்டிலிருந்து வந்த கடலையைத் தொடவில்லை. டீச்சர் சத்தம் போட்டிருக்கிறார். எனக்கு ரோஷம் வந்தது. பகிர்ந்து உண்ட பிள்ளையைத் திட்டுவதா? அடுத்த நாள் டப்பாவில் சொசேஜ் ஒன்று கூடுதலாகவே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரோஷமெல்லாம் இறங்கிவிட்டது. கயல் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு கிடந்து அழுதாள். வயிறு கல்லாக இருந்தது. சுமதி அவளைத் தோளில் போட்டுக்கொள்ள, ஓட்டோ பிடித்து ஹெவ்லொக் டவுனில் ஒரு குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். இளம் பெண். கயலின் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்கு என்ன குடுக்கிறனீங்கள்?"

சொல்ல ஆரம்பித்தேன். காலையில் நூடுல்ஸ் அல்லது சொசேஜ். நேர்சரிக்கு பிஸ்கட்டும் சாக்லேட் பாலும். மதியம் சோறு வைப்பேன், ஆனால் பால் குடித்த வயிறு, இரண்டு வாய்தான். இரவு அசதியாக இருந்தால் மறுபடியும் நூடுல்ஸ். தனித்தனியாகக் கொடுத்தபோது எதுவும் தவறாகத் தெரியவில்லை. ஒரே மூச்சில் வரிசையாகச் சொன்னபோது என் காதுக்கே நன்றாக இல்லை. சுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்பிட ஒண்டுமில்லை, மலச்சிக்கல்தான்" என்றார் மருத்துவர். "மருந்து தாறன். ஆனா இனி ஒவ்வொரு நாளும் ரெண்டு கறியெண்டாலும் குடுக்கோணும்."

நான் திடுக்கிட்டேன். "தினமும் ரெண்டு கறியா? நாலு வயசுப் பிள்ளைக்கு ஜீரணமாகுமா டாக்டர்?"

"ஏன் ஆகாது? பருப்புக் கறி, கீரைக் கறி, பூசணிக்காய்க் கறி..."

"கீரைக் கறியா?"

திருநெல்வேலியில் கறி என்றால் ஆட்டுக்கறி, மிஞ்சிப்போனால் கோழிக்கறி. நான் கயலின் தட்டில் தினமும் ஆட்டுத்தொடையைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். விஷயம் புரிந்ததும் மருத்துவர் சிரித்த சிரிப்பில், அழுதுகொண்டிருந்த கயலும் சிரித்துவிட்டாள்.

கிளம்பும்போது கேட்டேன்: "அப்ப கடையில வாங்குறதெல்லாம் கெடுதலா டாக்டர்?"

"அப்பிடி நான் சொல்லேல்லை. எப்பவாவது ஒருநாள் நூடுல்ஸ் சாப்பிட்டா ஒண்டும் நடக்காது. அதுவே ஒவ்வொரு நாள் சாப்பாடா இருந்தா, உப்பும் சீனியும் கூடும். நார்ச்சத்தும் மரக்கறியும் உள்ள போக இடமில்லாமல் போயிடும். கடைச்சாப்பாட்டோட வேற என்ன வைக்கிறீங்கள் எண்டதையும் பாருங்கோ."

வீட்டுக்கு வந்ததும் பொட்டலங்களையெல்லாம் அள்ளி ஒரு பையில் கட்டி மேல் அலமாரியில் ஏற்றினேன். நம்மூரில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று சுமதியிடம் புலம்பினேன். யோசித்துப் பார்த்தால், ஊரில் நான் என்ன சாப்பிட்டு வளர்ந்தேன்? அம்மா பள்ளி ஆசிரியை. முதல் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் வாரத்தில் பாதி நாள் டீக்கடை பன்னும் டீயும்தான் காலைப் பலகாரம். பன்னை டீயில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போடுவதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும். இட்லிப் பானை ஞாயிற்றுக்கிழமைதான் அடுப்பேறும். ஊரைவிட்டு வந்த பிறகு நினைப்பில் எல்லா நாளையும் ஞாயிற்றுக்கிழமை ஆக்கிவிட்டேன் போலிருக்கிறது.

ஆனாலும் விடவில்லை. கிரைண்டர் வாங்கினேன். இருட்டோடு எழுந்து இட்லி அவித்து, கீரை கடைந்து, கூட்டு வைத்தேன். கயல் வாயை இறுக மூடிக்கொண்டாள். "நூடுல்ஸ்" என்று மட்டும் சொல்வதற்காகத் திறப்பாள். மூன்றாம் நாள் கீரைக் கிண்ணம் கவிழ்ந்து சுவரெல்லாம் பச்சை. அவளும் அழுதாள், எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. அன்று காலை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தோன்றாமல் கீழே இறங்கி நடந்தேன்.

ஒழுங்கை முனையில் இடியப்பக் கடை. ஆவி பறக்கும் தட்டுகள், முன்னால் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் கையில் பையோடு வாசுகி!

"நீங்களும் கடையிலதானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வீட்டிலிருந்து தினமும் வரும் மணத்தை வைத்து, எல்லாவற்றையும் அவரே செய்கிறார் என்று நம்பியிருந்தேன்.

"பின்ன? எனக்கென்ன பத்துக் கையோ? நானும் வேலைக்கெல்லோ போகோணும்" என்று சிரித்தார். "இடியப்பம் கடையில. சிவப்பரிசி மா இடியப்பம் எண்டு கேட்டு வாங்குவன். சொதியும் பருப்பும் வீட்டில. முருங்கையிலை கிடைச்சா தேங்காய்ப்பூப் போட்டு வதக்கி ஒரு வறை. அவ்வளவுதான் அண்ணா. பாண் எண்டாலும் பருப்போட குடுத்தா அது சாப்பாடுதானே." பிறகு கயலின் கன்னத்தைத் தட்டி, "இண்டைக்கு ஆரனோட சாப்பிடுறியளோ?" என்றார்.

அன்று இரண்டு பிள்ளைகளும் அவர் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். இங்கே சொதி என்றால் தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டு, மஞ்சள் தூவி, எலுமிச்சை பிழிந்த குழம்பு. பிள்ளைகளுக்கு மிளகாயை எடுத்துவிட்டு ஊற்றினார். கயல் முதலில் ஆரனின் கையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பார்த்தாள். அவன் இடியப்பத்தைப் பிசைந்து, சொதி முழங்கை வரை ஒழுக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். கயல் ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். கடைசியில் தட்டைத் தூக்கிச் சொதியைக் குடித்தாள். நானும் வாசுகியும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து ஒரு நாள் அவர் வீடு, ஒரு நாள் என் வீடு. அவர் இடியப்பம் வாங்கினால் நான் பருப்பு வைப்பேன். நான் இட்லி அவித்தால் ஆரன் அதற்குச் சீனிச்சம்பல் கேட்பான். அந்த இனிப்பும் காரமுமான வெங்காயச் சம்பலை இட்லிக்குத் தொட்டுக்கொள்வதை முதலில் பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மேல் அலமாரிப் பை இறங்கும். காரட்டும் முட்டையும் போட்ட நூடுல்ஸ், இரண்டு வீட்டுக்கும். கயலின் வயிற்றுவலி போனது. ஒரு நாள் டீச்சர் என்னை நிறுத்தி, கயல் இப்போது டப்பாவில் நான் வைக்கும் கடலை முழுவதையும் முடித்துவிடுவதாகச் சொன்னார். கொழும்புக்கு இடம்பெயர்ந்து வந்திருக்கும் நம்மூர்த் தாய் தகப்பன்மார் யாராவது இதைப் படித்தால், சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது: காலையில் எல்லாவற்றையும் நாமே சமைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பொட்டலத்திடம் விட்டுவிடவும் கூடாது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினால் பாதி வேலை குறையும்.

பள்ளி விடுமுறைக்குத் திருநெல்வேலி போனோம். அக்கா கல்யாணி வீட்டு அடுக்களையில் நூடுல்ஸ், சாக்லேட் தானியம், உறைய வைத்த உருளைக்கிழங்கு என்று வரிசையாக இருந்தன.

"என்னக்கா இதெல்லாம்?"

"ஏலே, வெளிநாட்டுப் பிள்ள, நம்ம சாப்பாடு இறங்குமோ என்னமோன்னு வாங்கி வச்சேன். நம்ம வீட்டுப் பயலுவளும் இதைத்தான திங்கானுவ."

மறுநாள் காலை சாக்லேட் தானியத்தைக் கிண்ணத்தில் கொட்டி அக்கா நீட்டினாள். கயல் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, சொதி இல்லையோ?" என்றாள்.

அக்காவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. எங்கள் ஊரில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கும் விருந்து. பாசிப்பருப்பும் பல காய்களும் இஞ்சிச்சாறும் சேர்த்து, வெள்ளை வெளேரென்று வைப்பார்கள். "சொதியா? யாருக்குட்டி கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை அத்தை. காலச் சாப்பாடு. மஞ்சள் போட்டு வைக்கோணும்."

"சொதிக்கு மஞ்சளா? எந்த ஊர்ல?"

"எங்கட ஊர்ல" என்றாள் கயல்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து தேங்காய் துருவினேன். அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் ஏறின. ஒன்றில் அக்கா வெள்ளைச் சொதி வைத்தாள், மற்றதில் நான் மஞ்சள் சொதி. இடியப்பத்தை அக்கா மகன் தெருமுனைக் கடையில் வாங்கிவந்தான். கயல் தட்டை நீட்டினாள். ஒரு பக்கம் அத்தை ஊற்றினாள், மறு பக்கம் நான் ஊற்றினேன். எது முதலில் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தட்டைக் கொஞ்சம் சாய்த்தாள். வெள்ளையும் மஞ்சளும் நடுவில் வந்து கலந்தன. அந்த இடத்தில் கையை வைத்துப் பிசைய ஆரம்பித்தாள்.