ஏழாவது வரி

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் கியூசி வேலை. வரிசையாக வரும் பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் விழுந்ததை எடுத்துத் தனியே போட வேண்டும். பதினைந்து வருடம் அப்படிப் பார்த்த கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அக்கா சாப்பிட உட்கார்ந்தாலே அம்மாவுக்குப் பயம் என்று தங்கை கேலி செய்வாள்.

வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், தெப்ராவில். அங்கிருந்து கம்பெனி பஸ். சாயங்காலம் திரும்பும்போது எல்லைப் பாலமான காஸ்வேயில் ஜாம். ஒரு மணி நேரம் அசையாது. என் பக்கத்து இருக்கையில் ஸ்டோரில் வேலை செய்யும் காஹாங் ஊர்க்காரர் ஒருவர் உட்காருவார். செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் பஜனை பாடி வளர்ந்தவர், நல்ல குரல். பொழுது போக வேண்டுமே என்று நாங்கள் இருவரும் சேர்ந்து, உலகத்தில் இல்லாத ஒரு தீவை உண்டாக்கினோம். அதற்கு ஒரு கடலம்மன், ஒரு கோயில், அந்தக் கோயிலுக்கென்று பாட்டுகள். பாட்டுக் கட்டுவது அவர் வேலை. விதி போடுவதும் குறை சொல்வதும் என் வேலை. வேறென்ன செய்வேன் நான்?

தீவுக்காரர்களுக்குச் சாமிப் பாட்டு வேறு, காதல் பாட்டு வேறு என்று கிடையாது. ஒருவர் மேல் ஆசை வந்தால் அம்மன் முன்னால்தான் பாட வேண்டும். பாட்டுக்கு ஏழு வரி. ஆசைப்பட்டவர் ஆறு வரி பாடிவிட்டு நிறுத்திக்கொள்வார். ஏழாவது வரியை, யாருக்காகப் பாடினாரோ அவர் அங்கேயே கட்டிப் பாட வேண்டும். பாடினால் சம்மதம். வேறு எது பேசினாலும் சம்மதமில்லை. அதே ஆளிடம் மறுபடி பாடவே கூடாது. இந்தக் கடைசி விதி நான் போட்டது.

"ஒரே தடவைதானாங்க? பாவம் லா, மூணு தடவையாவது கொடுங்க" என்று அவர் கெஞ்சினார்.

"சாமி விஷயம். ஒரு தடவைதான்" என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு அப்போது.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கியிருந்தது. பஸ் பாலத்தின் நடுவில் நின்றது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, மற்றவர்களுக்குக் கேட்காத அளவில், ஆறு வரி பாடினார். பாடிவிட்டு நிறுத்தினார். முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

நான் பழக்கப்படி விரல் மடக்கி எண்ணினேன். "ஆறு வரி சரியா இருக்குங்க. நாலாவதுதான் இடிக்குது. 'காற்றில் கொண்டுபோய் வைத்த விளக்குக்கு யார் காவல்?' அந்த 'கொண்டுபோய்' எதுக்கு? அதை எடுத்துடுங்க."

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சரிங்க, எடுத்துடுறேன்" என்றார்.

இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்போதுதான், அவர் பாடி நிறுத்தியது எனக்காக என்று உறைத்தது. எனக்கு ஐந்தாறு பேர் தள்ளி முன்னால்தான் நின்றார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வரி கட்டினேன்: 'என் படகு உன் துறைக்கே வரும்.' திங்கட்கிழமை அவர் மறுபடி கேட்பார், உடனே பாடிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. பேசினார், சிரித்தார், தீவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. என் விதியை என்னைவிட ஒழுங்காகக் காப்பாற்றினார். நானாக முதலில் பாடினால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறைந்திருக்காது. வீம்புதான். இரண்டு மாதத்தில் அவர் ஊர்ப் பக்கமே வேலை கிடைத்துப் போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஒரு தடவை வாயைத் திறந்தும் கெட்டேன், பிறகு திறக்காமலும் கெட்டேன்.

போன வருடம், மண்பாண்டக் கடைகளுக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமில் பூந்தொட்டி வாங்க இறங்கினேன். ஒவ்வொரு தொட்டியாக விரலால் தட்டி விரிசல் இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும் விடலையாங்க?" என்று பின்னாலிருந்து அதே குரல். கொஞ்சம் பருத்திருந்தார். மனைவியை அறிமுகப்படுத்தினார். அந்தம்மா என் கையைப் பிடித்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றார். மனதில் கள்ளமில்லாத சிரிப்பு.

ஏழு வயது இருக்கும், அவர்கள் மகள் தொட்டிகளுக்கு நடுவே குதித்தபடி பாடிக்கொண்டிருந்தாள். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலாவது வரி வந்தது. 'காற்றில் வைத்த விளக்குக்கு யார் காவல்?' நான் சொன்ன சொல்லை எடுத்திருந்தார். இப்போது இடிக்கவில்லை. ஆறாவது வரி முடிந்தும் பிள்ளை நிறுத்தவில்லை.

'இந்தக் கையிரண்டும் காவல்.'

"கடைசி வரி மட்டும் அம்மா கட்டுனது" என்றாள் என்னிடம், நான் கேட்காமலேயே.

அந்த நாலாவது வரி ஒரு கேள்வி. பஸ்ஸில் என்னைக் கேட்ட கேள்வி. அதில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. நான் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த படகு வரிகூட அதற்குப் பதில் இல்லை.

"நல்லா பாடுறே" என்றேன் பிள்ளையிடம். ஏழாவது வரியில் ஒரு குறையும் இல்லை.