வெர்னா கேட்ட இரண்டடி

இந்த ஏரிக்கரை ஊரில் நான் போட்ட கூரை இல்லாத தெரு கிடையாது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன்; இன்று என் பெயர் எழுதிய லாரி நான்கு ஓடுகிறது. அப்படிப்பட்டவனை என் ஆட்கள் முன்னாலேயே மடக்கியவள் வெர்னா சல்மேலா. நினைத்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

பதினோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு மார்ச்சில் அவள் வீட்டுக் கூரைப் பனி உருகி, விளிம்பில் மறுபடி உறைந்து அணைபோல் அடைத்தது. தேங்கிய தண்ணீர் ஓட்டுக்கடியில் ஏறிப் படுக்கையறைக்குள் கொட்டியது. அந்தக் கூரையைப் போட்டவன், நான் இல்லை, வேறொருவன், போனை எடுக்கவே இல்லை. அந்த ஆத்திரத்தில் படித்து, நாற்பத்து மூன்று வயதில் நகராட்சிக் கட்டட ஆய்வாளராக வந்துவிட்டாள்.

அவள் வேலைக்கு வந்த அக்டோபரில் நைகார்ட் என்பவர் வீட்டுக்குக் கூரை போட்டோம். ஓட்டுக்கு அடியில், தேங்கும் தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க, விளிம்போரமாக, மூன்றடி அகல ஒட்டும் தார் ஷீட் ஒரு வரிசை. ஊரில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். பாதி ஓட்டை ஆணியடித்தாயிற்று. மறுநாள் பனி என்றார்கள். வெர்னா ஏணியேறி வந்து டேப்பை நீட்டினாள்.

“அண்ணே, சட்டம் சொல்ற ரெண்டடி விளிம்புலேருந்து இல்ல. சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ள ரெண்டடி. உங்க விளிம்பே சுவருக்கு வெளிய ரெண்டடி நீட்டிட்டு நிக்குது. சரிவுல போற ஷீட்டு, உள்ள ஓரடிகூட முழுசாப் போகல. பிரிங்க.”

வாய்க்கு வந்தபடி கத்தினேன். பஸ் ஓட்டினவள் எனக்குக் கூரை சொல்லித்தருகிறாயா என்றேன்.

“பஸ்ஸையும் அளந்துதான் திருப்பினேன்,” என்றாள்.

என் ஆள் ஒருவன் சிரித்துவிட்டான். அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

பிரித்து, இரண்டாவது வரிசை ஒட்டி முடித்தோம். கையெழுத்துப் போட்டவள், ஏணியடியில் என்னைத் தனியாக நிறுத்தினாள்.

“இந்தக் கோடையில போட்ட மத்த வீடுங்க?”

ஒன்பது வீடு. எல்லாம் அவளுக்கு முன்னால் இருந்த ஆய்வாளர் பாஸ் போட்டவை. அதைச் சொன்னேன்.

“அதைக் கேட்க எனக்கு அதிகாரமில்ல,” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அதிகாரம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். திங்கட்கிழமை, அந்த ஒன்பதில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒழுகாத கூரையை ஏன் பிரிக்கிறாய் என்று அந்த வீட்டம்மா கேட்டார். இப்போது ஒழுகாது, மார்ச்சில் ஒழுகும், என் பெயர் நாறும் என்றேன். நானே அடித்த ஆணிகளை நானே திட்டிக்கொண்டு பிடுங்கினேன். ஏழு வீடு முடிந்தபோது பெரிய பனி இறங்கிவிட்டது. மீதி இரண்டு வீட்டிலும் குளிர்காலம் முழுக்க, பனி விழுந்த ஒவ்வொரு நாளும் விளிம்புப் பனியை நானே வாரித் தள்ளினேன். வெர்னா அந்த வழியாகப் போகும்போது காரை மெதுவாக்கிப் பார்ப்பாள். ஒரு கைகூட ஆட்டியதில்லை.