ஆளுக்கொரு குடும்பப்பெயர்

"...மாப்பெட்டி செய்த தச்சர் வழி வந்த குடும்பப்பேராம் ஆர்க்ரைட். நான் வேலை செய்யிற வீட்டு இங்கிலீஷ் சிக்னோரா சொன்னவ. இங்கிலாந்திலை லங்காஷயர்ப் பக்கம்தான் அந்தப் பேர் கூட அம்பிடுமாம். அவைக்குத் தலைமுறை தலைமுறையா ஒரே பேர்; எங்கடை வீட்டிலை ஆளுக்கொரு குடும்பப்பேர் அண்ணை" என்று சலித்துக்கொள்கிறார் சிவநாதன்.

இத்தாலியின் பலெர்மோவில், அவர் மகளைக் கூட்டிப்போக ஒரேத்தோ என்ற பள்ளிக்கூடத்தின் வாசலில் நிற்கிறோம். தகப்பன் பெயர்தானே நமக்குக் குடும்பப்பெயர்? சிவநாதனுக்குக் கந்தையா, மகளுக்குச் சிவநாதன். புதிதாக வந்த காவல்காரி அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, குடும்பப்பெயர் பொருந்தவில்லை, பிள்ளையை அனுப்ப முடியாது என்கிறாள்.

கம்பிக்கதவுக்கு அப்பால் மகள், "பப்பா, பசிக்குது" என்கிறாள்.

"அவளே பப்பா எண்டுறாள். பிறகென்ன?" என்கிறார் சிவநாதன்.

காவல்காரி அசையவில்லை. பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள்; இங்கே அந்தப் பேரே பிள்ளையை மறிக்கிறது.

சிவநாதன் அட்டையைத் திரும்ப வாங்குகிறார். அட்டையில் ‘கந்தையா’வைப் பெருவிரலால் மூடி, ‘சிவநாதன்’ மட்டும் தெரிய மறுபடி நீட்டுகிறார்.