தொப்பிக்காரர் குடித்த காப்பி

என் தங்கை அற்புதம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். ஒருத்தியைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்று அப்பா சொன்னார்; மார்க் எனக்கு அதிகம். சேலத்தில் விடுதியில் தங்கி பி.ஏ. முடித்து, மலைமேல் வெள்ளக்கடை வழியில் நாங்கள் குடியிருந்த எஸ்டேட்டின் பள்ளிக்கூடத்துக்கே நான் டீச்சராகத் திரும்பியபோது, அவள் ஏழு வருடமாக அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் நான் பொறாமைப்பட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பொறாமைப்பட வேண்டியவள் அவள்தான் என்று ஊரே நினைத்தது. கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அற்புதம் குள்ளம். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. குரல் எப்போதும் கொஞ்சம் கம்மியிருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் ஏறி சேலம் போய் மேட்னி ஷோ பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் வருவாள். வரும்போது யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கதையைக் கேட்டால், “நாளைக்குக் கேளுங்க்கா” என்று கண்ணை மூடிக்கொள்வாள். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுகிறது போலும் என்றுதான் நினைத்திருந்தேன். கதையை அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலை முதல் வரிசைச் செடியில் கை வைக்கும்போது ஆரம்பிப்பாள். இரண்டரை மணி நேரப் படம் அவளிடம் ஒரு மாதம் ஓடும்.

1979ஆம் வருடப் பறிப்புக்கு வந்தது ஒரு கொலைப் படம். பங்களாவில் ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார். துப்பறிய ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறார். அவருக்குப் படத்தில் ஏதோ பெயர் உண்டு. பெண்களுக்கு அவர் தொப்பிக்காரர்.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. பறிக்கும் காடு அதன் கீழே. பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதவைத்துவிட்டு ஜன்னலருகே நின்றால் எல்லாம் கேட்கும்.

“முன்வாசல்ல போலீசு, வக்கீலு, சொந்தக்காரங்க எல்லாரும் நிக்கறாங்க. தொப்பிக்காரரு என்ன பண்ணாரு தெரியுமா? பொறவாசலுக்குப் போனாரு.”

“ஏம்புள்ள, பொறவாசலுக்கு எதுக்கு?” இது ஆராயி. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பவள்.

“சமையக்காரம்மாவப் பாக்கத்தான். செத்தவரு கடைசியாத் தின்னது யாரு கையில? ரெண்டு நாளா போலீசு அங்கயே சுத்துது, அந்தம்மா பேரு என்னன்னு ஒருத்தன் கேக்கல. இவரு, ‘ஏனுங்க, உங்க பேரு என்னங்க?’ன்னு கேட்டாரு. அந்தம்மா அழுதுடுச்சு.”

“அழுவாதா பின்ன?” என்றாள் சின்னத்தாயி. கூட்டத்தில் மூத்தவள். “இருவத்தஞ்சு வருசமா இந்த எஸ்டேட்டுல குனிஞ்சு நிமிர்றன். தொரைக்கு என்ற பேரு தெரியுமா?”

“அப்பறம் காப்பி குடுத்துச்சு. கீழயே உக்காந்து, அடி வரைக்கும் குடிச்சாரு. டம்ளர அவரே கழுவி வெச்சாரு.”

“பொய் சொல்லாத புள்ள! ஆம்பள டம்ளரு கழுவுனானாம்!”

“நான் என்ன பண்ணட்டும்க்கா, படத்துல கழுவுனாரு.”

“என்ற ஊட்டுக்காரன ஒருக்கா அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவோணும்,” என்றாள் ஆராயி. சிரிப்பு மேடுவரை வந்தது.

“வாய் ஓடுனா ஓடட்டும், கை நிக்குது பாரு!” என்று மேஸ்திரி மாதப்பன் அதட்டினார். அதட்டிவிட்டு அவரும் இரண்டு வரிசை தள்ளிப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். “ஏம்மா, கைரேகை எல்லாம் எடுத்தாரா?”

“அதெல்லாம் போலீசு எடுக்கும் மேஸ்திரி. இவரு காலப் பாப்பாரு. மொகத்த வெச்சு ஏமாத்தலாம். கால வெச்சு முடியுமா? பயந்தவன் காலு வாசப்பக்கம் திரும்பியிருக்கும்.”

அன்றைக்கு எல்லோரும் குனிந்து ஒருவர் காலை ஒருவர் பார்த்திருப்பார்கள். நானும் என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

பறிக்கிற பெண்கள் அவளுக்கு அடுத்த வரிசைக்காகச் சண்டை போட்டார்கள். நான் கீழே இறங்கினால், “டீச்சரம்மா வர்றாங்க” என்று பேச்சு நிற்கும், முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். அதற்கு முந்தைய வருடப் பள்ளி ஆண்டு விழாவில் நான் ஒரு கதை சொன்னேன். மூன்று நாள் எழுதி மனப்பாடம் செய்த கதை. பாதியில் ஆராயி தூங்கிவிட்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

அந்தத் தொப்பிக்காரரிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, சாக்பீஸ் வாங்கப் போவதாகச் சொல்லி ஒரு சனிக்கிழமை சேலம் போனேன். படத்தில் அவர் சிகரெட் பிடித்தார். நாலு பேரை அடித்தார். ஏரியில் படகில் ஒரு பெண்ணோடு பாடினார். சமையலறைப் பக்கமே போகவில்லை. சமையல்காரி ஒரே ஒரு முறை தட்டோடு வந்தாள். திரையில் அவள் முகம்கூட விழவில்லை. செத்தவரின் தம்பி சொத்துக்காகக் கொன்றான். தரையில் கிடந்த ஒரு பித்தானை வைத்துக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான்.

படம் நன்றாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். யாரோ எழுதியதை இவள் ஒப்பிக்கிறாள் என்று நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். பெயர் கேட்டது, காப்பி குடித்தது, காலைப் பார்த்தது எல்லாம் அவள் போட்டது. எட்டாம் வகுப்பு. பஸ்ஸில் வரும் வழி முழுக்க அந்த மூன்றையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை டீ நேரத்தில் கீழே இறங்கினேன். சின்னத்தாயி தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினாள்.

“நானும் அந்தப் படம் பார்த்தேன்,” என்றேன். “தம்பிதான் கொலைகாரன்.”

கணக்கில் தப்பைத் திருத்துகிற குரலில்தான் சொன்னேன்.

“ஏனுங்க டீச்சரம்மா,” என்றாள் ஆராயி, “இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே.”

அற்புதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். அது பள்ளிக்கூடத்துப் படிகளை நோக்கித் திரும்பியிருந்தது.

மறுநாள் பெண்கள் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து போனார்கள். “தம்பின்னு தெரிஞ்சுபோச்சு, இனி என்னத்தக் கேக்கறது?” என்று யாரோ சொன்னது கேட்டது. அற்புதம் தனியாகப் பறித்தாள். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் கீழே பழம் கூடையில் விழும் சத்தம் மட்டும்தான். வீட்டில் அவள் எப்போதும்போல எனக்குச் சோறு போட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை சின்னத்தாயிக்குப் பொறுக்கவில்லை.

“சரி புள்ள, தம்பியே கொன்னான், கெடக்கட்டும். தொப்பிக்காரருக்கு அது தெரியுமா?”

“அவருக்கு மொத நாளே தெரியும்க்கா,” என்றாள் அற்புதம். “எதுக்குக் கொன்னான்னுதான் தெரியல. அதுக்குத்தான் காத்துட்டு இருக்கறாரு.”

“சொத்துக்காக இருக்கும்.”

“போலீசும் அப்பிடித்தான் சொல்லுது.”

மாதப்பன் மேஸ்திரி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கதை மறுபடி ஓடியது, இன்னும் இரண்டு வாரம். அடுத்த வரிசைக்கு மறுபடி சண்டை வந்தது. முடிந்த அன்று நான் கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு ஜன்னலுக்குப் போனேன்.

“எல்லாரையும் கூடத்துல உக்கார வெச்சு, நீதான்டான்னு கைய நீட்டுனாரா?” ஆராயி.

“இல்லீங்க்கா. தம்பிய மட்டும் சமையக்கட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. அந்தம்மாகிட்ட ரெண்டு காப்பி கேட்டாரு. ‘நீ சொத்துக்காகப் பண்ணல சாமி’ன்னாரு. ‘உங்கண்ணன் வாயத் தொறந்தா ஊடே கேட்டுச்சு. நீ அவனவிட நொம்பப் படிச்சவன். நீ பேசுனா ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அந்தச் சத்தம் நிக்கோணும்னு நெனச்ச. அவ்வளவுதான?’ன்னாரு.”

“அவன் என்ன சொன்னான்?”

“அவன் காப்பி ஆறிப்போச்சு.”

“அப்பறம் போலீசுல புடிச்சுக் குடுத்தாரா?”

“‘மொதல்ல குடிச்சு முடி, அப்பறம் போலாம்’னாரு.”

சின்னத்தாயி மூக்கைச் சிந்தினாள். “பாவம், யாரு பெத்த புள்ளையோ” என்றாள், கொலைகாரனைத்தான். எனக்குப் பின்னால் பிள்ளைகள் பாதி வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அற்புதம் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அடி வரைக்கும் குடித்தேன். டம்ளரை நான் கழுவப் போனபோது, “குடுங்க்கா” என்று வாங்கிக்கொண்டாள். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசவில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. எஸ்டேட் லாரி ஓட்டிய லாசர்தான் மாப்பிள்ளை. இரண்டு பெண்கள் பிறந்தார்கள். எஸ்டேட்டுக்கு டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை படத்தை எல்லோரும் கூடிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே படத்தை அவளைச் சொல்லச் சொன்னார்கள். போன மாதம், நாற்பது வயதில், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள்.

கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. கரடியூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். எங்கள் அப்பா இறந்தபோது இதில் கால்வாசிக் கூட்டம்கூட இல்லை. என் சாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அங்கேயும் என் மனதில் ஓடியது. பெட்டியை இன்னும் குழிக்குள் இறக்கியிருக்கவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது சின்னத்தாயியும் ஆராயியும் மதிலோரம் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள்.

“ஏனுங்க டீச்சரம்மா,” என்றாள் ஆராயி, “நீங்களும் அந்தத் தொப்பிக்காரரு படம் பாத்தீங்களே. நெசமாலுமே டம்ளரக் கழுவுனாரா?”

பதினாறு வருடமாக என் வாயில் இருந்த பதில். ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும்.

“கழுவினாருங்க,” என்றேன்.

“பாத்தியாடி, அவ பொய் சொல்லுவாளா!” என்று சின்னத்தாயி ஆராயியின் தொடையில் அடித்தாள். எல்லோரும் என் பக்கம் திரும்பி நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவரும் முந்தானையைச் சரிசெய்யவில்லை. நான் பேசப் போவதற்காக அத்தனை முகமும் காத்திருந்தது வாழ்க்கையில் அன்றுதான்.

“அந்தச் சமையக்காரம்மா பேரு என்னங்க?” என்றாள் ஆராயி. “அற்புதம் சொன்னா. நெனப்பு வல்ல.”

படத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. அற்புதம் வைத்த பெயர், அவள் சொன்ன அன்று பிள்ளைகளின் சத்தத்தில் என் காதில் விழவில்லை.

“தெரியலைங்க,” என்றேன்.

“அற்புதத்தத்தான் கேக்கோணும்,” என்று சொல்லிக்கொண்டே ஆராயி சின்னத்தாயி பக்கம் திரும்பிக்கொண்டாள்.