அம்மா நடக்கும் முழங்கால் தண்ணீர்

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஞாயிறுகளில் நான் வேலை செய்யும் கடையின் முதலாளி எங்கள் தீவுக்காரர். ஊரில் அவருடைய தம்பி கடலட்டைப் பண்ணைக்கு இடம் கேட்டிருந்தார். கரையோர ஆழமில்லாத கடலில் கம்பு நட்டு, வலை அடைத்து, அட்டைக் குஞ்சுகளை வளர்ப்பார்கள். இடத்தை ஒதுக்குவது ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம். நான் லண்டனில் படிப்பதும் கடல்வளம்தான். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆளும் நான்தான். கடல் படிப்பவன் என்பதால், சங்கக் கூட்டத்துக்கு என்னையும் வீடியோவில் கூப்பிட்டார்கள்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசினேன். அந்த இடம் அட்டைக்குச் சரிவருமா என்று மட்டும் செயலாளர் கேட்டார். சேறும் கடற்புல்லும் உள்ள இடம். சரிவரும் என்றேன். வேறு எப்படிச் சொல்ல முடியும்? முதலாளி அண்ணை முதுகில் தட்டினார்.

"ஆனா வத்துக்கு அங்கதான் அம்மா ஆக்கள் நண்டு பிடிக்கிறவை," என்றேன்.

"படகுப் பாதை விட்டிருக்கிறம், தம்பி," என்றார் செயலாளர்.

"கடலுக்கை கொம்மாவுக்கு சைக்கிள் லேன் போடச் சொல்லுறியோ?" என்று அண்ணை சிரித்தார்.

அம்மாவிடம் படகு இல்லை. படகில்லாதவர்களுக்குச் சங்கத்தில் இடமும் இல்லை. வத்து என்பது கடல் வற்றும் நேரம். அப்போது அவர் நடந்து பிடித்த நண்டில்தான் அப்பா இல்லாத எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அந்த இடம் போனால் அம்மாவுக்கு வேறு தொழில் கிடையாது.

அம்மா கூட்டம் நடந்த மண்டப வாசலில் நின்றிருந்தார். யாரோ போனை அவர் பக்கம் திருப்பினார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை, செயலாளரைப் பார்த்தார்.

"கம்பு நட முதல் வத்துக்கு ஒருக்கா வாங்கோ. நாங்கள் நடக்கிற இடத்தைக் காட்டுறன்."

வருவதாகச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு அக்கா வீடியோ அனுப்பியிருந்தார். கடல் வற்றிக் கிடந்தது. அம்மாவுக்குப் பின்னால் சில பெண்கள். சங்கத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை. ஆனால் கம்புகள் வந்திருந்தன, ஒரு பக்கம் முழுக்க நட்டாயிற்று. வலை மட்டும் இன்னும் கட்டவில்லை. அம்மா ஒரு கம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு விலகிப் போகாமல், இரண்டு கம்புகளுக்கு நடுவால் நேராக நடந்தார்.

அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உது கொம்மாவோ?"

"ஓம்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தன்னுடைய போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போனார். தம்பியைத்தான் கூப்பிட்டார், திரையில் பெயர் தெரிந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அசைவது தெரிந்தது. கம்பைப் பிடுங்கச் சொல்கிறாரா, வலையைக் கெதியாய், இன்றைக்கே கட்டச் சொல்கிறாரா என்று மட்டும் தெரியவில்லை.