கம்பத்துக் கொக்கு

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மருமகள் சாந்தி செமிலிங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்குக் காரில் வேலைக்குப் போகிறவள். அவள் கிளம்புமுன் கைப்பேசியில் சாலைக் கேமரா படம் பார்த்து வழி சொல்வது நான். திரையை அமுக்கினால்தான் புதுப் படம் வரும்; அதுவரை பழைய படமே நிற்கும்.

அன்று அவளுக்கு வேலை நிரந்தரமாவதற்கான நேர்காணல். திரையில் பனி மூடிய சாலை. விளக்குக் கம்பத்தில் ஒரு கொக்கு. அமுக்கினால் மறைந்துவிடுமே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜாலான் காலியா அத்தை?" என்று வாசலிலிருந்து சாலையைக் கேட்டாள் சாந்தி.

"காலிதான்லா, போ."

நெரிசலில் சிக்கி, நேர்காணல் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டுமாம். மாலையில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "கொக்கு அவ்வளவு அழகாவா இருந்துச்சு அத்தை?" என்றாள்.

இப்போதும் முதல் படத்தை எனக்காகப் பார்க்கிறேன். பிறகு, அவளுக்காக அமுக்குகிறேன்.